கழுத்துக்கு மேலே

காதை யாரும் பார்ப்பதில்லை, தம்பி. கண்ணைப் பார்ப்பார்கள், பல்லைப் பார்ப்பார்கள், தலையில் முடி எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பார்கள். கூடவே வாழ்ந்த பெண்ணிடம் புருஷன் காது எப்படி இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள். யோசிப்பாள். அதனால்தான் நான் காதில் ஆரம்பித்தேன்.

ஏன் செய்தீர்கள் என்று அன்றைக்கு எங்கள் வீட்டு வாசலில் நின்று கேட்டீர்கள். உங்கள் அண்ணி பக்கத்தில் இருந்தாள். பதில் சொல்ல முடியவில்லை. இப்போது இந்த லாட்ஜ் அறையில் நாம் இரண்டு பேர்தான். ஜன்னலைச் சாத்திவிடுகிறேன். துறைமுகத்துச் சத்தத்தில் நான் பேசுவது கேட்காது. நான் சத்தமாகப் பேசுகிறவன் இல்லை.

உங்கள் அண்ணன் விபத்தில் போனபோது அவள் வயிற்றில் குழந்தை. நீங்கள் கப்பலில் எங்கோ இருந்தீர்கள். குழந்தை பிறந்து கழுத்து நின்றதும், அதைத் தோளில் போட்டுக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் ஒரு துணிப்பை. பை நிறைய உங்கள் அண்ணன்.

"இவரு இவளத் தூக்கி வெச்சிருக்கிற மாதிரி ஒரு படம் வேணும். செய்ய முடியுங்களா?" என்றாள்.

எங்கள் தொழிலில் அது அன்றாட வேலை. விழாவுக்கு வராதவரைச் சேர்ப்போம். விவாகரத்து ஆனவரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூந்தொட்டி வைப்போம். கல்யாணப் படத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாமனாருக்கு வேறு படத்திலிருந்து கண்ணைத் திறந்துவிடுவோம். ஒரு படத்தின் மேல் இன்னொரு படம். ஒவ்வொன்றும் ஒரு லேயர். கண்ணாடித் தகடுகளை அடுக்கினதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பதில் வேண்டாததை வெட்டினால் கீழே இருப்பது தெரியும். எல்லாம் பொருந்திய பிறகு மெர்ஜ் செய்து ஒரே தகடாக்கிவிடுவோம். அப்புறம் எது யாருடையது என்று பிரிக்க முடியாது.

அந்தப் பையில் இருந்த எந்தப் படத்திலும் உங்கள் அண்ணன் குழந்தையைத் தூக்கியிருக்கவில்லை. எனக்குக் கைகள் வேண்டியிருந்தன. கேமராவில் டைமர் வைத்துவிட்டு நானே குழந்தையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டேன். அந்தப் படத்தில் என் தலையை வெட்டினேன். அவர் தலையை வைத்தேன். கழுத்துக்குக் கீழே நான், கழுத்துக்கு மேலே அவர்.

பிரிண்டைக் கையில் வாங்கியதும் அவள் விரல் அவர் கன்னத்துக்குப் போனது. அங்கேயே இருந்தது. பிறகு மெதுவாகக் கீழே இறங்கி, குழந்தையைத் தாங்கியிருந்த கையைத் தடவியது.

"அவரு கை அப்படியே இருக்கு" என்றாள்.

நான் உறையை எடுத்துக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் வந்தாள். அப்பாவோடு நடக்கும் படம், அப்பாவோடு சைக்கிள் ஓட்டும் படம். நான்தான் நடந்தேன், நான்தான் சைக்கிளின் பின்னால் ஓடினேன். கணினியில் உட்கார்ந்து என் தலையை நானே வெட்டினேன். பிறகு அவளைக் கல்யாணம் செய்துகொண்டேன். அவள் வைத்த நிபந்தனை ஒன்றுதான், அவர் படம் வீட்டில் இருக்க வேண்டும். செத்துப்போனவரோடு நமக்கு என்ன போட்டி என்று நினைத்தேன். இந்த விஷயத்தில் நான் செய்த தவறு அது ஒன்றுதான்.

உங்கள் அண்ணியைக் குறை சொல்லவில்லை. என் சட்டையில் ஒரு பொத்தான் தொங்கினாலும் அன்றைக்கே தைத்துவிடுவாள். எனக்குக் காய்ச்சல் என்றால் லீவு போடுவாள். ஆனால் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே, சுவரில் இருக்கும் அந்தப் படத்தைப் பார்த்து "வரேன்" என்பாள். நான் அதற்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன். என்னிடம்தான் சொல்கிறாள் என்று நினைத்து "சரி" என்று பதில் சொல்லியிருக்கிறேன். நிறைய நாள் சொல்லியிருக்கிறேன்.

மகளுக்கு வீட்டில் வாலு என்று பெயர். வாலு என்னை மாமா என்றுதான் கூப்பிடும். முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தால் என் மடியில்தான் உட்காரும், ஆனால் அப்பா அப்பா என்றுதான் அழும். இனி என்னையே அப்பா என்று கூப்பிடச் சொல்லலாமே என்று ஒருநாள் உங்கள் அண்ணியிடம் கேட்டேன். அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கத்தி நிற்கவில்லை.

"அதான் அவளுக்கு அப்பா இருக்காருல்ல" என்றாள்.

இருந்தாருல்ல என்று சொல்லவில்லை. இருக்காருல்ல என்றாள். கோபமாகவும் சொல்லவில்லை. கடையில் உப்பு இருக்கிறதா என்று கேட்டால் சொல்வதுபோலச் சொன்னாள்.

அந்த வருடத்துப் படத்தில் வாலு என் தோள்மேல் உட்கார்ந்து என் காதைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என் தலையை வெட்டும்போது அந்தக் காதை மட்டும் விட்டுவிட்டேன். சின்ன விரல்களைச் சுற்றி வெட்டினால் ஓரம் பிசிறடிக்கும். அதுதான் காரணம். பிறகு, ஒரு காது ஒரு மாதிரியும் இன்னொன்று வேறு மாதிரியும் இருந்தால் நன்றாக இருக்காதே என்று இரண்டாவதையும் விட்டுவிட்டேன்.

யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் நெற்றி. அதற்கடுத்து மூக்கு. பிறகு துண்டு துண்டாக வெட்டுவதை விட்டுவிட்டேன். என் முகத்தைக் கீழே ஒரு லேயராக வைத்து, அவர் முகத்தை மேலே வைத்து, மேலே இருப்பதைக் கொஞ்சம் மங்கலாக்கினால் போதும். கீழே இருப்பது தானாக எழுந்துவரும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான். பால்காரன்கூட என்னைவிட அதிகமாகத் தண்ணீர் கலப்பான்.

பழைய படங்கள் இடித்தன. ஒரே ஆளுக்கு இரண்டு முகம் இருந்தால் வீட்டில் குழப்பம். எல்லாவற்றையும் கறை போக்கிப் புதுப்பித்துத் தருகிறேன் என்றேன். கல்யாண ஆல்பம், அடையாள அட்டைகள், உறவினர் வீட்டு அலமாரிகளில் இருந்தவை, எல்லாம் என் மேசைக்கு வந்தன. புதிய பிரிண்ட்களாகத் திரும்பிப் போயின. அண்ணியின் போனை மாற்றியபோது படங்களைப் புதிய போனுக்கு ஏற்றிக்கொடுத்ததும் நான்தான். உங்கள் அத்தை தன் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "புள்ள புதுசா மாறிட்டான்யா" என்று என் கன்னத்தைத் தட்டினார். அசல்களை ஸ்டுடியோ கட்டரில் நறுக்கினேன். அந்தக் கட்டரின் பிளேடு நல்ல பிளேடு. சத்தமே வராது.

எப்படி மறப்பார்கள் என்று நினைக்கிறீர்கள். செத்தவர் முகத்தை ஞாபகம் வைத்திருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். உண்மையில் அவர்கள் ஞாபகம் வைத்திருப்பது படத்தை. உங்கள் அண்ணியே ஒருமுறை சொன்னாள். "முந்தியெல்லாம் கண்ண மூடுனா அவரு முகம் சரியா வராது. இப்பத்தான் தெளிவா வருது" என்றாள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அக்கம்பக்கத்தில், முதல் புருஷன் சாயலிலேயே தேடிப்பிடித்துக் கட்டியிருக்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அதுவும் என் காதுக்கு வந்தது. அந்தச் சாயல் அவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

தாடைக் குழி மட்டும் கொஞ்சம் தொந்தரவு கொடுத்தது. உங்கள் அண்ணனுக்கு ஆழமான குழி. உங்களுக்கும் அந்தத் தாடிக்குள் இருக்கும். எனக்கு இல்லை. படங்களில் அதை நிரவிவிட்டேன். ஆனால் அது வாலுவுக்கு வந்திருந்தது. வளர வளர நன்றாகவே தெரிந்தது. கண்ணாடி முன்னால் நின்று விரலை அதில் வைத்து அழுத்துவாள்.

"அப்பாவுக்கும் இல்ல, அம்மாவுக்கும் இல்ல. எனக்கு மட்டும் ஏன் மாமா இப்படி?" என்று கேட்டாள்.

பள்ளிக்கூடத்தில் யாரோ, உன்னை எங்கேயிருந்து எடுத்து வந்தார்கள் என்று கேட்டார்களாம். அதிலிருந்து கையால் தாடையை மூடிக்கொண்டுதான் உட்கார்வாள். சாப்பிடும்போதுகூட. படத்தில் எடுத்துவிடுகிறேன் என்று சொன்னேன். எடுத்தும் கொடுத்தேன். தாங்க்ஸ் மாமா என்றாள். குழந்தைகளிடம் நான் எப்போதுமே பிரியமாகத்தான் இருப்பேன்.

அப்புறம் நீங்கள் வந்தீர்கள். இத்தனை வருடம் வராதவர், தோளில் பையோடு, சொல்லாமல் கொள்ளாமல். வந்தவர் உட்காரக்கூட இல்லை. சுவரைப் பார்த்தீர்கள்.

"இது யாரு அண்ணி?"

அவள் சிரித்தாள். "என்ன தம்பி, கப்பல்ல ரொம்ப ஊத்திக் கொடுத்துட்டாங்களா? சொந்த அண்ணனத் தெரியலையா?"

நீங்கள் சட்டைப் பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தீர்கள். மதில்மேல் இரண்டு பேர், நீங்களும் அவரும், ஓரங்கள் தேய்ந்துபோன சின்னப் படம். அப்படி ஒன்று இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவள் அதை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள்.

"உங்க பக்கத்துல இருக்கிறது யாரு தம்பி? சிநேகிதரா?" என்றாள்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். சுவரைப் பார்த்தீர்கள். மறுபடியும் என்னைப் பார்த்தீர்கள். உங்களுக்குப் புரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நீங்கள் கத்தியது சரியில்லை என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் அது உங்களுக்கு உதவவில்லை. வாலுவின் தாடையைப் பிடித்துத் திருப்பி, "இதோ இருக்காரு எங்கண்ணன், பாருங்க அண்ணி" என்றீர்கள். எந்த இடத்தை அவள் உலகத்துக்கே மறைக்கிறாளோ அந்த இடத்தில் விரலை வைத்தீர்கள். அவள் முகத்தைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

"உங்களுக்கு மனசு சரியில்ல தம்பி. கிளம்புங்க. இனிமே இங்க வராதீங்க" என்றாள் உங்கள் அண்ணி.

அப்போதுதான் வாசலில் நின்று என்னிடம் கேட்டீர்கள். அண்ணி கதவை மூடிவிட்டாள்.

இந்த இடத்தில் நான் சந்தோஷப்பட்டிருப்பேன் என்று நினைப்பீர்கள். கொஞ்சம் பட்டேன். அவள் கதவிலிருந்து நேராகப் படத்துக்குப் போனாள். உள்ளங்கையால் கண்ணாடியைத் துடைத்தாள். "கூடப் பொறந்தவனே உங்கள மறந்துட்டான் பாருங்க" என்று அதனிடம் சொன்னாள். அழுதாள். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. எங்கள் வீட்டில், எங்கள் கட்டிலில், எந்த இடத்திலும் கேட்டதில்லை.

நான் போய்ப் படத்தை ஒட்டி நின்றேன். வேண்டுமென்றேதான் நின்றேன். என் முகமும் அந்த முகமும் பக்கத்துப் பக்கத்தில், ஒரே உயரத்தில். தெருவில் போகிற யாரைக் கூப்பிட்டுக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். அவள் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். இப்போது தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரிந்தால் என்ன சொல்வது என்றுகூடத் தயாராக இருந்தேன். தெரியட்டும் என்றுகூட நினைத்தேன்.

"கொஞ்சம் நகருங்க. வெளிச்சத்த மறைக்கிறீங்க" என்றாள்.

அதனால்தான் உங்களைத் தேடி வந்தேன், தம்பி.

அந்தப் படத்தில் இப்போது கழுத்துக்குக் கீழேயும் நான், மேலேயும் நான். உங்கள் அண்ணனின் ஒரு ரோமம்கூட அதில் கிடையாது. ஆனாலும் அது அவர்தான். என் மூக்கை, என் வாயை, என் சிரிப்பை வைத்துக்கொண்டு சுவரில் இருக்கிறார். அவளிடம் "வரேன்" வாங்கிக்கொள்கிறார். முன்பு என்னிடம் என் முகமாவது இருந்தது. அதையும் அவருக்கு நானே கொடுத்துவிட்டேன். இது நியாயமில்லை என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே, நடந்தது இதுதான். உங்கள் அண்ணனை அவருடைய வீட்டிலிருந்து நான்தான் எடுத்தேன். அவர் பெண்டாட்டி கண்ணிலிருந்தும் மகள் கண்ணிலிருந்தும் எடுத்தேன். ஒளிக்கவில்லை. பதிலுக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் சட்டைப் பையில் இருக்கும் படத்தைக் கொடுங்கள். நான் வந்ததிலிருந்து உங்கள் கை அதன்மேல்தான் இருக்கிறது. போனில் படம் எடுத்துக் கொடுப்பதெல்லாம் வேண்டாம். தோலின் நிறம் சரியாக வராது. எனக்கு அசல் வேண்டும். வேறு அசல் எங்கும் இல்லை, அதை நான் நன்றாகத் தேடிப் பார்த்துவிட்டேன். எனக்கே அவர் முகம் மறந்துவிட்டது.

கொடுத்தால் அவரை அப்படியே திரும்ப வைத்துவிடுவேன். அதேபோல, கொஞ்சம் கொஞ்சமாக. நெற்றி, மூக்கு, தாடைக் குழி. வாலு தன் கையை எடுத்துவிட்டு உட்காருவாள். அண்ணி உங்களைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்பாள். நான் இழந்தது போதும். இனி எனக்கு அந்தப் படத்தில் எந்தப் பங்கும் வேண்டாம்.

என் கண்களை மட்டும் மாற்றாமல் விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். அவள் பார்ப்பது அவற்றைத்தான்.