மூன்றாவது குற்றச்சாட்டுக்குப் பதில்

நோட்டீஸ் வந்தால் பலருக்குச் சாப்பாடு இறங்காது, ஐயா. நான் அன்று வழக்கத்தைவிட ஒரு பிடி கூடவே சாப்பிட்டேன்.

எங்கள் அச்சகத்தில் யாரிடம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தாலும் பதில் எழுதித் தருவது நான்தான். கேட்ட வரிசையிலேயே பதில் சொல்ல வேண்டும். அழக்கூடாது, சாபம் விடக்கூடாது. மறுப்பதாக இருந்தால் ஆதாரம் இணைக்க வேண்டும். இப்படி எழுதியே ஒன்பது பேரின் வேலையைக் காப்பாற்றியிருக்கிறேன்.

பத்தாவது எனக்கே வந்தது. ஏழு நாளில் சரியான பதில் இல்லையென்றால் இருபத்திரண்டு வருட வேலை போய்விடும். புகார் கொடுத்தவர் மேற்பார்வையாளர், என் தங்கையின் கணவர். ஒன்று, தாமதமாக வந்தேன். இரண்டு, காகிதம் வெட்டும் இயந்திரத்தின் பாதுகாப்புத் தடுப்பைக் கழற்றினேன். மூன்று, கோபத்தில் அவர்மீது கை ஓங்கினேன்.

முதலாவதை ஒப்புக்கொண்டேன். இரண்டாவது பொய். தடுப்பின் திருகாணிகள் துருவேறி இறுகிக் கிடந்ததே அதற்குச் சாட்சி. மூன்றாவதற்குத்தான் ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்குக் கோபமே வராது என்பதை எந்தக் காகிதத்தில் காட்டுவது?

ஏழாம் நாள் மதியம் எல்லோரும் சாப்பிடப் போனதும் அவரை இயந்திரத்தருகே அழைத்துக் கதவைத் தாழிட்டேன்.

"மாப்ள, மூணாவதை மட்டும் வாபஸ் வாங்கிக்குங்க."

அவர் சிரித்தார். "உங்களுக்கு மூக்கு மேல கோவம்னு உங்க தங்கச்சியே சொல்லுவா மச்சான். இப்பவே மூஞ்சி எப்படிச் செவந்திருக்கு பாருங்க."

அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

"சரி, விடுங்க. கத்திக்கு அடியில ஏதோ சிக்கியிருக்கு, என்னன்னு பாருங்க."

குனிந்து இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். தடுப்பு இல்லை. காலையிலேயே எண்ணெய் விட்டுக் கழற்றி வைத்திருந்தேன். மிதியை மிதித்தேன். காகிதக் கட்டை அழுத்திப் பிடிக்கும் பலகை இறங்கி அவர் கைகளைப் பிடித்துக்கொண்டது.

"வாபஸ் வாங்கிக்கிறேன் மச்சான், சத்தியமா வாங்கிக்கிறேன்" என்று கதறினார்.

மிரட்டி வாங்கிய வாபஸ் செல்லாது என்பது எல்லோருக்கும் நான் சொல்வதுதான். அவர் பின்னால் நின்று, தோளுக்கு இருபுறமும் கை நீட்டி, கத்தியை இறக்கும் இரண்டு பொத்தான்களையும் அழுத்தினேன். கத்தி மணிக்கட்டுகளில் இறங்கியது. அவர் தரையில் சரிந்தார். பதில் காகிதத்தில் ரத்தம் படாமல் எடுத்துக்கொண்டு மேசைக்குப் போனேன். வெளியே கதவை இடித்தார்கள். கடைசி வரியை முடித்துவிட்டுத்தான் திறந்தேன். அதற்குள் அவர் அடங்கியிருந்தார்.

இதையெல்லாம் இங்கே ஸ்டேஷனுக்கு வந்த தங்கையிடமும் பொறுமையாக விளக்கினேன். முகத்தில் துப்பினாள். அவளுக்கு எப்போதும் முன்கோபம்.

அந்தப் பதில் உங்கள் மேசையில்தான் இருக்கிறது. கடைசிப் பத்தி, அவர் என் பின்னால் துடித்துக்கொண்டிருந்தபோது எழுதியது. ஓர் எழுத்தாவது நடுங்கியிருக்கிறதா? கொன்றது நான்தான், அதில் மறுப்பில்லை. என் வாக்குமூலமாக நீங்கள் எழுதியிருப்பதில் 'கோபத்தில்' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.