இடது கண்ணில் மட்டும்

எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது, ஐயா. கண்ணில் நீர் வடியும். கறுப்புக் கண்ணாடி போடாமல் வாசலைத் தாண்டமாட்டேன்.

உத்தமபாளையத்தில் ஒரு கல்லூரி. அங்கே விலங்கியல் ஆய்வகத்தில் பதினெட்டு வருடமாக உதவியாளன். குப்பி கழுவுவதும் எலிகளுக்குத் தீனி வைப்பதும்தான் வேலை. பேராசிரியர்கள் படித்துப் போடும் பத்திரிகைகளை நானும் எழுத்துக்கூட்டிப் படிப்பேன். ஒன்றில், எலியின் ஒரு கண்ணுக்குள் மட்டும் நரம்பு வளர்க்கும் புரதத்தை ஊசியால் ஏற்றி, கடும் வெளிச்சத்தில் வைத்திருந்தார்கள். அந்தக் கண்ணின் விழித்திரை பிழைத்தது, மற்றது கெட்டது. ஆண் சுண்டெலியின் எச்சில் சுரப்பியில் அப்படி ஒரு புரதம் இருக்கிறதாம். சுண்டெலிக்கு எங்களிடம் பஞ்சமில்லை. அந்தச் சுரப்பியை அரைத்து, வடிகட்டி, சொட்டு மருந்துப் புட்டியில் எடுத்துவைத்தேன். பேப்பரில் பேர் வரும் என்று ஒரு நப்பாசை. சொல்லவே நாக்கூசுகிறது.

2010 மாட்டுப் பொங்கலன்று சூரிய கிரகணம். என் மனைவி இருளம்மாள் சோற்றுப்பானையில் தர்ப்பை போட்டு, கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தாள். ஜாக்கெட் தைத்துக் குடும்பத்தை நிமிர்த்தியவள். அதெல்லாம் மூடநம்பிக்கை, மருந்து இருக்கிறது என்று நான்தான் மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனேன். இடது கண்ணில் மருந்து விட்டேன், வலது கண்ணில் வெறும் தண்ணீர். இரண்டுமே மருந்து என்று சொன்னேன்.

“நீங்க சொன்னாச் சரியாத்தேன் இருக்கும்,” என்று அண்ணாந்து பார்த்தாள்.

கண் எரிகிறது, போதுமா என்று நடுவில் கேட்டாள். இன்னும் ஐந்து நிமிடம் என்றேன். கையில் கடிகாரம் வைத்திருந்தேன்.

இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போய்விட்டது. இனி ஊசியில் நூல் கோக்க முடியாது. ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை என்கிறாள். கண் டாக்டர் திட்டியபோது, “எங்க வீட்டுக்காரரு வேணாம்னுதேன் சொன்னாக. நாந்தேன் கேக்காமப் பாத்துட்டேன்,” என்றாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. அந்த வெட்கம் தாங்காமல்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன்.

உன் கண்ணில் ஏன் விடவில்லை என்று கேட்டீர்கள். முடிவைக் குறித்துக்கொள்ள ஒருவருக்காவது கண் வேண்டுமே என்று எனக்கு நானே சொல்லிவந்தேன். பொய், ஐயா. அந்த மருந்தை நான் நம்பவில்லை.

அன்று மாடியில் அவளும் கேட்டாள், நீங்கள் பார்க்கவில்லையா என்று. எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதே என்றேன். அவள் கீழே இறங்கிப்போய், என் கறுப்புக் கண்ணாடியை எடுத்துவந்து, முந்தானையில் துடைத்து எனக்கு மாட்டிவிட்டாள்.