கடைசி முகம்

— பச்சையா இருக்கே தம்பி. உங்கண்ணன் முகமா இது?

— சிவப்பு மை அடைச்சுக்கிச்சு அண்ணி. ரொம்ப நாளா யாரும் பிரிண்டரைத் தொடலையே. அதான் கோடு கோடா வேற விழுது. ஹெட்டை ஒருவாட்டி க்ளீன் பண்ணிடறேன்.

— பண்ணு. சொந்தக்காரங்க வர்றதுக்குள்ள ஃப்ரேம் போட்டு மாட்டியாகணும்.

— ம். இப்பப் பாருங்க. கோடு போயிடுச்சு.

— கோடு போச்சு, உயிரும் சேந்து போச்சு. வெளுத்த துணியாட்டம் இருக்கு.

— ஐயோ, பேப்பரைத் திருப்பி வச்சுட்டேன். பளபளப்புப் பக்கத்துல அடிக்கணும். செட்டிங்லயும் சாதா பேப்பர்னே இருக்கு, பாருங்க என் புத்தியை.

— ஏன் இப்படித் தப்புத் தப்பாப் பண்றே?

— தூக்கமே இல்ல அண்ணி.

— எனக்கு மட்டும் வருதா? உங்கம்மா ரூமுக்குள்ள உக்காந்துக்கிட்டு, துக்கம் கேக்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்றாங்க. குடிச்சிட்டு வண்டியை எடுக்கற புருஷனை நான் அடக்கி வைக்கலையாம். காதுல ஈயத்தைக் காய்ச்சி ஊத்தின மாதிரி இருக்கு.

— அம்மா வயித்தெரிச்சல்ல பேசறாங்க. விடுங்க.

— நீயாவது தடுத்தேல்ல?

— அதான் சொன்னேனே அண்ணி. அண்ணனோட ஃப்ரெண்டு சோடாபுட்டி இருக்காருல்ல, அவரு வீட்டு வாசல்லயே கார் சாவியைக் கேட்டேன். குடுக்கல. அங்கேருந்து ஆக்சிடென்ட் ஆகற வரைக்கும் அண்ணனேதான் ஓட்டினாரு, நான் பக்கத்துல உக்காந்தேன். போலீஸ்லயும் அப்படித்தான் எழுதிக் குடுத்திருக்கேன்.

— ம்.

— இந்தாங்க. கலர் வந்துருச்சு.

— கலர் சரி. முகம் கட்டம் கட்டமா இருக்கே. கண்ணு எது, புருவம் எதுன்னு தெரியல.

— அது பிரிண்டர் மேல தப்பில்ல. படம் சின்னது. இத்தனூண்டை இவ்வளவு பெருசாக்கினா இப்படித்தான் வரும். இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது.

— ஏன் சின்னது?

— அன்னிக்கு அங்கேருந்து கிளம்பறப்ப, கார் முன்னாடி நின்னு சோடாபுட்டி எடுத்தது. கார் கண்ணாடி, பானெட் எல்லாம் படத்துல விழுந்திருந்துச்சு. அண்ணன் முகத்தை மட்டும் வெட்டி எடுத்தேன்.

— முழுப்படம் எங்க?

— அழிச்சுட்டேன். அது எதுக்கு இப்ப? கல்யாண ஆல்பத்துல இருந்து நல்லதா ஒண்ணு எடுத்துக்கலாம்.

— அது வேற யாரோ மாதிரி இருக்கும். எனக்கு அவரு கடைசி முகம் வேணும். ஆஸ்பத்திரியிலேருந்து மூடித்தானே கொண்டாந்தீங்க. நான் எங்க பாத்தேன்?

— அண்ணி...

— சோடாபுட்டிக்கு மெசேஜ் போட்டுட்டேன். முழுப்படத்தைச் சுருக்காம அப்படியே அனுப்பச் சொல்லியிருக்கேன்.

— எதுக்கு அவரைப் போய்த் தொந்தரவு பண்றீங்க? போனைக் குடுங்க, நான் பேசிக்கறேன்.

— வேணாம். வந்துருச்சு.

— குடுங்க அண்ணி. நானே பாத்து அடிக்கறேன்.

— இரு. எவ்வளவு தெளிவா இருக்காரு. தலையைச் சாய்ச்சு, பாதித் தூக்கத்துல சிரிக்கறாரு. பெல்ட் கூடப் போட்டிருக்காரு.

— நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. அம்மா காதுல விழப் போகுது.

— பளபளப்புப் பக்கமாப் பேப்பரை வை. வெட்டாம, முழுசா அடி. ஸ்டீரிங்கைப் புடிச்சிருக்கறது நீதான்னு உங்கம்மா கண்ணாடி போடாமலே பாக்கணும்.