ஆம்புலன்ஸ்காரரின் கறுப்புக் கண்ணாடி

இரத்தினபுரி பஸ் நிலையத்தில் கலவான ஊருக்குப் போகும் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஆம்புலன்ஸ் சீருடை போட்ட ஒருவர் மனைவியோடு கூலிங்கிளாஸ் பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு சொன்னார்:

"வெயில் கெடக்கட்டும். வேலையில என் கண்ணு வெளிய தெரியக்கூடாது."

"ஐயோ, மாணிக்கக்கல்லு யாவாரியாட்டம் இருக்கீங்க!"

"சிரிக்காத புள்ள. தேயிலைத் தோட்டத்துச் சனம் வண்டியில ஏறுனதும் என் கண்ணத்தான் பார்க்குது. போன கிழமை ஒரு அம்மா, புருஷன் உசுரோட இருக்கையிலேயே, என் கண்ணப் பார்த்துட்டு ஒப்பாரி வச்சிட்டாங்க. அவருக்கும் கேட்டிச்சு."

மனைவி சிரிப்பை நிறுத்தினார்.

"அப்புறம் பொழச்சாரா?"

"பொழச்சிட்டாரு."

"சரிங்க. ஆனா படுத்துக் கெடக்கிறவரு யாரு மொகத்தப் பார்த்துத் தைரியமா இருப்பாரு?"

அவர் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிக் கடைக்கார முஸ்லிம் அண்ணனிடம் நீட்டினார்.

"லேசான கலர்ல ஒன்னு குடுங்க, நானா."