பக்கத்து வீட்டு மாங்காய்ப் பச்சடி

ஊரடங்கில் வந்த தமிழ் வருஷப்பிறப்புக்கு மறுநாள், மயிலாப்பூரில் காய்கறிக் கடை வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் முகக்கவசம் போட்ட இரண்டு பெண்கள், ஆளுக்கொரு சுண்ணாம்பு வட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

"எம்புள்ள பட்டினி கெடந்திருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்துருக்கும்" என்றாள் மூத்தவள்.

"இன்னாக்கா இப்டி சொல்ற?"

"அடையாறுல தனியா மாட்டிக்கினானேன்னு அழுதுக்கினே போன் பண்ணேன். வீடியோவுல மாங்கா பச்சடிய வழிச்சு வழிச்சுத் துன்றான். பக்கத்து வூட்டம்மா குடுத்துச்சாம்."

"நல்லதுதானே?"

"இன்னா நல்லது? போன அந்தம்மா கையில குடுக்கச் சொல்லி, எப்டி செஞ்சீங்கன்னு கேட்டேன். 'எங்கம்மா வேப்பம்பூவ நெய்யில வறுத்துப் போடுவாங்கன்னு உங்க புள்ளதான் சொல்லிக் குடுத்தாரு'ன்னுச்சு."

"அப்போ அது உன் பச்சடிதான்க்கா. இன்னும் இன்னா கோவம்?"

"பச்சடி என்னுதுதான். அவன் துன்றத பக்கத்துல நின்னு பாத்தது அவதானே?"