நிபுணர் எழுந்து போன நேர்காணல்

"கேள்வி கேக்க ஆளே இல்லாமப் போச்சுங்க மாமா."

அவிநாசி போகும் பேருந்தில் முன்னிருக்கை இளைஞர் இப்படிச் சொன்னதும் செய்தித்தாளை மடித்துவிட்டேன். பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பேராசிரியர் வேலைக்கு நேர்காணல் முடித்து வருகிறார். பக்கத்தில் இருந்தவர் மாமனார்.

"ஏனுங்க மாப்ளே, அஞ்சாறு பேரு உக்காந்திருந்தாங்கன்னீங்களே?"

"ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸும் சிக்னல் பிராசசிங்கும் தெரிஞ்சவரு அதுல ஒருத்தருதானுங்க. அவரு என்ற கைடு. சொந்த மாணவன் வந்தா உக்காரக் கூடாதுன்னு எந்திரிச்சுப் போயிட்டாருங்க."

நான் பல்கலைக்கழகப் பணியிலிருந்த காலத்திலும் விதி அதுதான். மிச்சமிருப்பவர்களுக்குப் பாடம் தெரிய வேண்டும் என்று விதி கிடையாது.

"அப்பறம் என்னதாங்க கேட்டாங்க?"

"சேர்ந்துபோட்டு அமெரிக்கா ஓடிருவீங்களான்னாங்க. என்ற மாமனாரு உடமாட்டாருங்கன்னேன். உடனே உங்களப் பத்தி விசாரிக்க ஆரம்பிச்சுட்டாங்க. தோட்டம் எங்க, பொண்ணு ஒத்தைப் பொண்ணா, மனுசன் கறாரான்னு."

"நீங்க?"

"ரொம்பக் கறாருன்னேனுங்க. அடுத்த வாரமே வந்து சேரச் சொல்லிப்போட்டாங்க."

மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"அப்ப இன்டர்வியூல பாஸானது நாந்தானுங்க மாப்ளே!"