சாயாவுக்கு முன்னால் ஒரு மாத்திரை

நாற்காலி பற்றாமல் நெளிந்து வீற்றிருக்கும் விழாத் தலைவர் பாண்டியராஜன் அவர்களே! "எப்போது முடிப்பாள்?" என்று ஏங்கியிருக்கும் பெரியோர்களே! மலையிறங்கிய களைப்பிலும் முன்வரிசையை முற்றுகையிட்ட தாய்மார்களே! பஜ்ஜி மணக்கும் திசையையே பார்க்கும் பண்பாளர்களே! போடியில் பத்தாண்டுகளாகத் தைராய்டு நோயாளிகளோடு மல்லுக்கட்டும் நர்ஸ் பானுப்பிரியாவின் வணக்கம்!

கழுத்துக்குள் கையளவுகூட இல்லாத ஒரு சுரப்பி. அது சோர்ந்தால் ஆளே சோர்கிறாள், வீங்குகிறாள், உட்கார்ந்த இடத்தில் உறங்குகிறாள். அதற்கு நாம் என்ன பெயர் வைத்தோம்? நோய் என்றா வைத்தோம்? சோம்பேறி என்று புருசன் வைத்தான்! தின்று கொழுத்தவள் என்று மாமியார் வைத்தாள்! யாரப்பா அங்கே சிரிப்பது? அண்ணே, உங்களைத்தான் சொல்கிறேன்!

போடிமெட்டுத் தோட்டத்தில் ஏலக்காய் எடுப்பவள் வேலுத்தாய். இரண்டு கரு தங்கவில்லை. மூன்றாவது தரித்ததும் இரத்தத்தைப் பார்த்தோம், தைராய்டு குறைவு. சீராகாவிட்டால் இந்தப் பிள்ளைக்கும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொன்னேன். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் குறைவு அப்படியே நிற்கிறது. மாத்திரையின் அளவைக் கூட்டினோம். அப்போதும் அசையவில்லை!

"மாத்திரைய முழுங்குறியா, மண்ணுல போடுறியா?" என்று ஆஸ்பத்திரியே அதிரக் கத்தினேன். "பேச்சியம்மா சத்தியமா முழுங்குறேன்க்கா" என்று அழுதாள். நம்பினேனா? நான் படித்தவள் அல்லவா, நம்பவில்லை!

பிறகு ஒருநாள் மலையில் முகாம். தோட்டத்துக்கு ஆளேற்றும் தங்கபாண்டியண்ணன் ஜீப்பில் ஏறப் போனேன். விடியற்காலை, டீக்கடை வாசல். வேலுத்தாய் மாத்திரையை வாயில் போட்டாள். ஆவி பறக்கும் சாயாவை ஊற்றி விழுங்கினாள்!

"அடிப்பாவி! வெறும் வயித்துலன்னு சொன்னேன்ல?"

"வெறும் வயிறுதானக்கா. சாயாவெல்லாம் சாப்பாட்டுல சேத்தியா?"

ஜீப்பே தலையாட்டியது! நம் ஊரில் சோறு இறங்கும்வரை வயிறு வெறும் வயிறுதான். தேயிலை அந்த மருந்தை உடம்பில் ஏற விடாது. தண்ணீரில் விழுங்கி, அரைமணிக்கு மேல் பொறுத்துத்தான் சாயா! பத்தாண்டு பாடம் நடத்திய நான், ஒருத்தியிடமாவது சாயாவைப் பற்றிக் கேட்டேனா?

"சாயா குடிக்காட்டி ஜீப்புல வாந்தி வருது. அரைமணி நேரத்துக்கு எங்க போறது?" என்றாள். தங்கபாண்டியண்ணன் சொன்னார்: "குரங்கணி ரோட்டுல ஆளேத்தப் போறப்ப ஒரு ஆரன் அடிக்கிறேன், மாத்திரையப் போடு. திரும்பி வர முக்கா மணி நேரம் ஆகும். அப்ப சாயாவக் குடி."

மறுநாள் முதல் அந்த ஆரனுக்குத் தெருவே மாத்திரை விழுங்கியது! தூக்கம் கெட்டதென்று சண்டைக்கு வந்தவர் நம் தலைவர். இப்போது அவரும் அதே ஆரனுக்குத்தான் விழுங்குகிறார். மறைக்காதீர்கள் தலைவரே, சீட்டு எழுதும்போது பக்கத்தில் நின்றவள் நான்!

அடுத்த மாதமே தைராய்டு சீரானது. பிள்ளை தங்கியது. பிறந்தது! தமிழினி என்று பெயர். அதோ, ஒலிபெருக்கியை மிஞ்சி அழுகிறாளே, அவள்தான்!

மருந்து எழுதுவோரே, கொடுப்போரே! அவள் எத்தனை மணிக்கு எழுகிறாள், எதை முதலில் குடிக்கிறாள், எந்த ஜீப்பில் ஏறுகிறாள்? கேட்டீர்களா? கேளாமல் திட்டலாமா? நான் திட்டினேன். வேலுத்தாயி, இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன், தப்பு என்னுடையது. மன்னித்துவிடு, ஆத்தா!

என்ன சொல்கிறாள்? சத்தமாகச் சொல்லம்மா!

"சரிக்கா, வெரசா முடி! பிள்ளைக்குப் பால் குடுக்கணும், மைக்கு சத்தத்துல குடிக்க மாட்டேங்குறா!"

முடித்துவிட்டேன் தாயே! பொறுத்த காதுகளுக்கெல்லாம் நன்றி, வணக்கம்! யாரப்பா அங்கே, மைக்கை அணை!